ஓட்டை விழாத ஆவாரை

பிரபு,

உனக்கு வாட்ஸாப்பில் எதை அனுப்பினாலும் ஒரு கட்டைவிரல்தான் திரும்பி வருகிறது. உன் அம்மாவுக்கு மூட்டு ஆபரேஷன் செய்யச் சொல்கிறார்கள் என்று எழுதினேன், அதற்கும் கட்டைவிரல் வந்தது. அதனால் இதைத் தாளில் எழுதுகிறேன். இரண்டு பிரதி எழுதுகிறேன். ஒன்று உனக்கு, மற்றது யார் கேட்டாலும் எடுத்துக் கொடுப்பதற்கு. உன்னைப் பற்றி மட்டுமான கடிதமாக இருந்தால் உறையில் போட்டு ஒட்டி அனுப்பியிருப்பேன். இதில் நானும் இருக்கிறேன், நம் இருவரைவிட முக்கியமான இரண்டு பேர் இருக்கிறார்கள், ஆகவே திறந்தே இருக்கட்டும்.

போன வாரம் நீ ஒரு குரல் பதிவு அனுப்பினாய். "அப்பா, வர்ற ஞாயித்துக்கெழம பத்து மணிக்கு நம்ம கார்டனுக்கு ஃபர்ஸ்ட் ஆனிவர்சரி. அபார்ட்மென்ட் ஆளுங்க எல்லாம் வருவாங்க. நீங்க வெள்ளச் சட்ட போட்டுக்கிட்டு வாங்க. கேமராவப் பாத்துக் கொஞ்சம் பேசினாப் போதும். முப்பது வருஷமா ஃபேக்டரி தோட்டத்துல இருந்தேன், என் பையன் ஒரு சொட்டு மருந்து இல்லாம பட்டாம்பூச்சித் தோட்டம் போடறான்னு சொல்லுங்க." இதை நானும் உன் அம்மாவும் மூன்று முறை போட்டுக் கேட்டோம். எனக்குப் பெருமை தாங்கவில்லை. அறுபத்தாறு வயதுக் கிழவன் குளியலறைக் கண்ணாடி முன்னால் நின்று கேமராவைப் பார்ப்பது எப்படி என்று ஒத்திகை பார்த்தேன். மீசையைக்கூட ஒதுக்கிக்கொண்டேன். இப்போது நினைத்தால் அந்தக் கண்ணாடியைப் பார்க்கவே கூசுகிறது.

பேசப்போகிற இடத்தை ஒரு தரம் பார்த்துவிட்டு வரலாம் என்று செவ்வாய்க்கிழமை பஸ் ஏறி வந்தேன். உன்னிடம் சொல்லவில்லை. கெலவரப்பள்ளி அணைக்குப் போகிற வழியில், பாறையை வெடிவைத்துத் தகர்த்து, இருந்த புதரையெல்லாம் வழித்துப் போட்டுவிட்டு, கட்டி முடித்த கட்டடத்துக்குக் காடு என்று பொருள்படும் ஓர் ஆங்கிலப் பெயரை வைத்திருக்கிறார்களே, அந்த இடத்தைச் சொல்கிறேன். உன் தோட்டத்துக்கு முன்னால் ஆளுயரத்துக்கு ஒரு சிமெண்டுப் பட்டாம்பூச்சி நிற்கிறது. நடுவில் முகம் நுழைக்க ஓட்டை. அதில் தலையை விட்டு ஒரு பெண்மணி படம் எடுத்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் பலகை: இயற்கையோடு இணைந்த வாழ்வு, ஒரு சொட்டு ரசாயனம் இல்லை, கீழே உன் பெயர், உன் படிப்பு, கைப்பேசி எண். பலகையின் கீழே பாறை மாதிரி செய்த ஒரு பிளாஸ்டிக் பெட்டியிலிருந்து குருவி கத்துகிற சத்தம் வந்துகொண்டிருந்தது. குருவியைத் தேடிச் செடிக்குள் தலையை நுழைத்துப் பார்த்த முதல் முட்டாள் நானாகத்தான் இருப்பேன். ஸ்பீக்கர் வைத்துக் குருவி வளர்க்கும் ஊரில் என் மகன் தோட்டக் கலைஞன்.

ஆனால் செடி ஆவாரை. அதைப் பார்த்ததும் மறுபடி மனசு இளகிவிட்டது. பேரிகைப் பக்கம் மானாவாரிக் காட்டில் யாரும் நடாமல், யாரும் தண்ணீர் விடாமல், கல்லுக்கு நடுவில் மஞ்சளாகக் கொட்டிக் கிடக்கிற செடியைப் பணக்காரன் வீட்டு வாசலுக்குக் கொண்டுவந்துவிட்டான் என் பிள்ளை என்று நினைத்தேன். நாற்பது செடி இருக்கும், இடுப்பளவு வளர்ந்து கொத்துக் கொத்தாகப் பூத்திருந்தது. கிட்டே போய் ஓர் இலையைத் திருப்பினேன். இன்னொன்றைத் திருப்பினேன். நாலு செடி, ஐந்து செடி. ஓர் இலையிலும் ஓட்டை இல்லை. எல்லாம் அச்சில் வார்த்ததுபோல முழுசாக இருந்தன.

பிரபு, நீ படித்தது எம்.பி.ஏ. உனக்கு இது அழகாகத் தெரியலாம். மழை பெய்து இருபது நாள் கழித்து ஓட்டை விழாத ஆவாரை இந்த ஜில்லாவில் எங்கும் கிடையாது. வெளிர்மஞ்சள் பட்டாம்பூச்சி, அதுதான் உன் பலகையில் பெரிதாகப் போட்டிருக்கிறாயே, அதே பட்டாம்பூச்சி, ஆவாரை இலையில்தான் முட்டை வைக்கும். பச்சைப் புழு வந்து இலையைக் கடித்துக் கடித்துத் தின்னும். அந்தப் புழுவுக்காகத் தவிட்டுக்குருவிகள் ஏழெட்டாகச் சேர்ந்து வந்து, சந்தைக்கு வந்த பெண்களைப்போலக் கூச்சல் போட்டுக்கொண்டு கிளையைக் குடையும். தையல்சிட்டு வரும். தப்பித்த புழு கூடு கட்டிப் பட்டாம்பூச்சியாகும். பூவுக்குக் கருவண்டு வந்து தொங்கிக்கொண்டு ரீங்காரம் போடும். ஓட்டை இல்லையென்றால் புழு இல்லை, புழு இல்லையென்றால் பலகையில் இருப்பது பொய். இதைக் கண்டுபிடிக்கப் படிப்பு வேண்டாம், கண் இருந்தால் போதும். குனிந்து பார்த்தேன். செடியின் அடியில் கருவண்டுகள் காலை மடக்கி மல்லாந்து கிடந்தன. பதினொன்று வரை எண்ணினேன், அப்புறம் எண்ணப் பிடிக்கவில்லை.

அந்த நேரத்தில்தான் வாசனை வந்தது. எலுமிச்சம்புல் தைல வாசனை. சிமெண்டுப் பட்டாம்பூச்சியில் தலையை விட்டிருந்த பெண்மணி என்னைப் பார்த்துச் சிரித்து, "ஸ்மெல் நல்லாருக்குல்ல அங்கிள்? ஹெர்பல் ஸ்ப்ரே," என்றார்.  அந்த வாசனை யாருடையது என்று உலகத்தில் இரண்டு பேருக்குத்தான் தெரியும் என்று நேற்று வரை நினைத்திருந்தேன். பூச்சி மருந்தின் நாற்றம் வெளியே தெரியாமலிருக்க டேங்கில் அரை மூடி எலுமிச்சம்புல் தைலம் விடுவது என் கண்டுபிடிப்பு. பிளஸ் டூ முடித்த லீவில் உன்னைத் தொழிற்சாலைத் தோட்டத்துக்குக் கூட்டிப்போய் நான்தான் உனக்குக் காட்டினேன். "ஆபீசருங்க மூக்குக்கு மருந்து தெரியக் கூடாதுடா, இது நம்ம தொழில் ரகசியம்," என்று சொன்னேன். நீ சிரித்தாய். பாடத்தில் ஒரு நாளும் முதல் மாணவனாக வராதவன் அந்த ஒரு பாடத்தை மட்டும் இவ்வளவு சுத்தமாகப் படித்து வைத்திருக்கிறாய்.

அதோடு போயிருந்தால் உன்னைத் திட்டிவிட்டு வீட்டுக்குப் போயிருப்பேன். இந்தக் கடிதம் எழுத வேண்டி வந்திருக்காது. திரும்பிப் பார்த்தேன், கேட்டில் இருக்கும் வாட்ச்மேன் தொப்பியைக் கழற்றி மல்லாத்திப் பிடித்துக்கொண்டு, அதில் பூவைப் பறித்துப் போட்டுக்கொண்டிருந்தார். பெயர் கோவிந்தசாமி, ஊத்தங்கரைப் பக்கம், என்னைவிட ஏழெட்டு வயது சின்னவர். பூ எதற்கு என்று கேட்டேன். "சக்கரைக்குங்க. தெனம் காலையில ஒரு கைப்புடி பூவப் போட்டுக் கொதிக்க வெச்சுக் குடிச்சிடறதுங்க. இந்தத் தோட்டம் வந்ததுல இருந்து நமக்கு வசதியாப் போச்சு. மருந்தில்லாத செடின்னு போர்டுலயே போட்டுருக்குது பாருங்க," என்றார். உடம்பு எப்படி இருக்கிறது என்று கேட்டேன். "அதத்தாங்க கேக்கறீங்க. ரெண்டு மாசமா வாந்தி. வேர்த்து வேர்த்து ஊத்துது. வாயில எச்சி ஊறிக்கிட்டே கெடக்குது. போன வாரம் ரெண்டு நாளு ஆஸ்பத்திரியில படுத்துட்டு வந்தேன். சக்கரைதான் ஏறியிருக்குன்னு நெனச்சிக்கிட்டு இப்ப ரெண்டு கைப்புடியாப் போட்டுக்கறேன்."

உன் பலகையை நம்பி அவர் இரண்டு மடங்கு குடித்திருக்கிறார். கையிலிருந்த தொப்பியைப் பிடுங்கி மண்ணில் கொட்டினேன். அவர் பயந்துவிட்டார். பூவைப் பறித்ததற்காக நான் கோபப்படுகிறேன் என்று நினைத்து, "மன்னிச்சுக்கங்க சார், கீழ விழுந்ததத்தான் எடுத்தேன்," என்று பொய் சொன்னார். இதில் மருந்து அடித்திருக்கிறது, இதைத்தான் நீங்கள் தினம் குடிக்கிறீர்கள் என்று அங்கேயே சொல்லிவிட்டேன். அவர் என் கையிலிருந்து தொப்பியை வாங்கிக்கொண்டார். தொப்பியைத் தட்டித் தலையில் வைத்துக்கொண்டு, "இத யாருகிட்டயும் சொல்லிடாதீங்க சார். பூ பறிச்சது தெரிஞ்சா வேலைய விட்டு எடுத்துருவாங்க," என்றார்.

அங்கிருந்தே உனக்குப் போன் போட்டேன். என்ன பேசினாய் என்று உனக்கு ஞாபகம் இருக்கும், இருந்தாலும் எழுதிவைக்கிறேன், எழுத்தில் பார்த்தால்தான் சில விஷயம் தெரியும். "அப்பா, பட்டாம்பூச்சி வேணும்னு கேக்கறாங்க. புழு வேணாங்கறாங்க. குரூப்புல புழுவ ஃபோட்டோ எடுத்துப் போட்டு, எங்க பிள்ளைங்க மேல விழுந்துதுன்னு சண்டை. நான் என்ன பண்றது? ரொம்ப லைட் டோஸ்தான். மதியானம் எல்லாரும் ஆபீஸ் போனப்புறம்தான் அடிக்கறோம்." வாட்ச்மேன் அந்தப் பூவைக் குடிக்கிறார் என்று சொன்னேன்.   நீ சொன்னாய்: "சரிப்பா, பூ பறிக்காதீங்கன்னு ஒரு போர்டு வெச்சிடறேன். ஞாயித்துக்கெழம முடியட்டும், பாத்துக்கலாம்." ஒரு மனிதன் உன் மருந்தைக் குடித்து வாந்தி எடுக்கிறான், அதற்கு நீ கண்டுபிடித்த மாற்று மருந்து இன்னொரு பலகை. அந்த நிமிஷத்தில் உன்னைப் பெற்றதற்கு நான் வெட்கப்பட்டேன். இதை மழுப்பாமல் எழுதுகிறேன், நீ மழுப்பாமல் படி.

பேரிகையில் தக்காளிக்கு மருந்தடிக்கிறவர்களை உனக்குத் தெரியும். உன் விசிட்டிங் கார்டுபோல வழவழவென்று கார்டு அச்சடிக்காதவர்கள். அடித்து முடித்ததும் வரப்பில் ஒரு குச்சியை நட்டுப் பழைய துணியைக் கட்டிவிடுவார்கள். ஆடு ஓட்டிக்கொண்டு வருகிறவன் அதைப் பார்த்து வேறு பக்கம் திருப்பிக்கொள்வான். மறந்துவிட்டால் வீடு தேடிப் போய், "மருந்து அடிச்சிருக்குது, மூணு நாளைக்கு இந்தப் பக்கம் ஓட்டாதீங்க," என்று சொல்லிவிட்டு வருவார்கள். ஓர் ஆட்டுக்குக் கிடைக்கிற மரியாதை அது. உன் தோட்டத்தில் கோவிந்தசாமிக்கு அதுகூடக் கிடைக்கவில்லை. அவருக்குத் தெரியக் கூடாது என்பதற்காகத் தைலம் வேறு ஊற்றியிருக்கிறாய்.

வீட்டுக்கு வந்து உன் அம்மாவிடம் கொட்டித் தீர்த்தேன். உன்னை என்னென்னவோ பெயர் சொன்னேன், அதெல்லாம் இங்கே வேண்டாம். அவள் முட்டிக்குத் தைலம் தேய்த்துக்கொண்டே முழுக்கக் கேட்டாள். அப்புறம், "அவன் பண்ணது தப்புதான். யாரு கத்துக்குடுத்ததுன்னு அவங்கிட்ட கேட்டீங்களா?" என்றாள். கேட்டுவிட்டு உள்ளே போய்விட்டாள். அவளுக்கு லட்சுமம்மாவைப் பற்றித் தெரியாது என்றுதான் நான் இத்தனை வருடமாக நினைத்துக்கொண்டிருந்தேன். இப்போது அந்த நினைப்பும் சந்தேகமாக இருக்கிறது.

லட்சுமம்மாவை உனக்கும் தெரியாது. நீ பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்த காலம். நான் வேலை பார்த்த தொழிற்சாலையில் வாசலைக் கூட்டிக்கொண்டிருந்தவர், காண்டிராக்ட் ஆள், தேன்கனிக்கோட்டையிலிருந்து விடிகாலை பஸ்ஸில் வருவார். வீட்டில் தெலுங்கு பேசுகிறவர். வயதில் என்னைவிட மூத்தவர், ஆனாலும் நான் அவரை வா, போ என்றுதான் பேசுவேன். சட்டைப்பையில் சூப்பர்வைசர் என்று பட்டை குத்தியிருந்தால் அதற்கு உரிமை உண்டு என்று நினைப்பு. இப்போது எழுதும்போது 'அவர்' என்று மரியாதை தானாக வருகிறது. இவ்வளவு தாமதமாக வருகிற மரியாதையை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று தெரியவில்லை.

அந்தத் தொழிற்சாலையின் மதிலோரம் ஆவாரை தானாக முளைத்து நின்றது. எங்கள் மானேஜருக்குச் சீமைப் புல்லும் கத்தரித்துவிட்ட பச்சை வேலியும்தான் தோட்டம். வருடத்துக்கு ஒரு தரம் வெளிநாட்டிலிருந்து ஆட்கள் பார்வையிட வருவார்கள். அதற்கு ஒரு மாதம் முன்பிருந்தே புல்லைச் சீவி வாரிக்கொண்டிருப்போம், அவர்கள் எல்லோரும் புல் மேயத்தான் வருகிறார்கள் என்பதுபோல. அந்த வருடம் அவர்கள் வருகிற தேதி போகிப் பண்டிகை அன்று விழுந்தது. ஆவாரை பூத்துக் கொட்டியிருந்தது. முந்தின நாள் மானேஜர் பார்த்துவிட்டு, "மஞ்சளா நல்லாத்தான் இருக்குது. பூ இருக்கட்டும். பூச்சி இருக்கக் கூடாது. மருந்து அடிச்சது யாருக்கும் தெரியவும் கூடாது," என்றார். உன் அடுக்குமாடிக்காரர்களுக்கு முன்பே அந்த அறிவாளி அதைச் சொல்லிவிட்டார். நான் ஒரு சல்யூட் வைத்துவிட்டு டேங்கை முதுகில் மாட்டினேன். லைட் டோஸ் இல்லை, முழு டோஸ்.

அன்று சாயங்காலம் லட்சுமம்மா வேலை முடிந்து வந்து நின்றார். "சார், நாளைக்குக் காப்புக் கட்டணும். ரெண்டு கொத்து ஒடிச்சுக்கட்டுமா?" என்று கேட்டார். நம் பக்கத்து வழக்கம் உனக்குத் தெரியும், நீ இப்போது ஆன்லைனில் காப்புக் கட்டு வாங்குகிறவனாக இருந்தாலும். ஆவாரம்பூ, பூளைப்பூ, வேப்பிலை மூன்றையும் சேர்த்துக் கட்டி வீட்டுக் கூரையின் இறவாணத்தில் செருகுவோம், வயலில் நடுவோம். நோய் நொடி அண்டாமலிருக்க. நான் ஒரு விநாடி யோசித்தேன். வெயிலில் காய்கிற காப்பை யார் தின்னப்போகிறார்கள், கூரையில் செருகுவதற்குத்தானே என்று நினைத்தேன். மருந்தைப் பற்றிச் சொன்னால் அது மானேஜர் காதுக்குப் போகும் என்றும் நினைத்தேன். இரண்டாவதாக நினைத்ததுதான் உண்மையான காரணம், முதலாவது எனக்கு நானே சொல்லிக்கொண்ட சமாதானம். "எடுத்துக்கோ," என்றேன். தாராளமாக நாலு கொத்து நானே ஒடித்துக் கொடுத்தேன்.

லட்சுமம்மா இரண்டு கொத்தைக் காப்புக்கு வைத்துக்கொண்டு, மிச்சத்திலிருந்த பூவை உருவிப் பருப்புப் போட்டுக் கூட்டு வைத்திருக்கிறார். ஆவாரம்பூக் கூட்டு நம் வீட்டிலும் வைக்கிறதுதான், எனக்கு அது தோன்றியிருக்க வேண்டும். மறுநாள் காலையில் வேலைக்கு வந்தார். வெளிநாட்டுக்காரர்களின் கார் வந்து நின்று, மாலையும் சந்தனமுமாக நாங்கள் வரிசையில் நிற்கும்போது, துடைப்பத்தைப் பிடித்தபடியே தள்ளாடி, போர்ட்டிகோவில் வாந்தி எடுத்து விழுந்தார். வாயில் எச்சில் ஒழுகியது. மானேஜருக்கு முகம் கறுத்துவிட்டது. "குடிச்சிட்டு வந்திருக்கா," என்றார். பிறகு என் பக்கம் திரும்பி, "இவ குடிக்கற பழக்கம் உள்ளவளா?" என்று கேட்டார். நான், "தெரியல சார்," என்றேன்.

அவ்வளவுதான் நான் சொன்னது. அந்த அம்மா வாழ்நாளில் ஒரு சொட்டுக் குடிக்காதவர் என்று எனக்குத் தெரியும். வாந்தி எதனால் என்றும், எந்த மருந்து, எவ்வளவு, எப்போது அடித்தது என்றும் தெரியும். எல்லாம் தெரிந்த ஒரே ஆள் அந்த வரிசையில் நான்தான், தெரியல சார் என்றேன். இரண்டு பேர் அவரைத் தூக்கிப்போய் கேட்டுக்கு வெளியே உட்கார வைத்தார்கள். அன்றோடு வேலை போயிற்று. குடிகாரி என்று தொழிற்பேட்டை முழுக்கப் பெயரானதில் வேறு எங்கும் யாரும் சேர்க்கவில்லை என்று பிறகு கேள்விப்பட்டேன். அந்தச் செய்தியையும் ஏதோ மழை பெய்தது என்பதுபோலக் கேட்டுக்கொண்டேன். இதற்கப்புறம் இரண்டு வருடம் கழித்துத்தான் உன்னை அழைத்துப்போய் டேங்கில் தைலம் விடுவது எப்படி என்று காட்டினேன். அப்போதாவது அவரைப் பற்றி உனக்குச் சொல்லியிருக்க வேண்டும். மருந்தைக் கற்றுக்கொடுத்தேன், லட்சுமம்மாவை மறைத்துவிட்டேன். அதனால் உன்னைத் திட்டுகிற ஒவ்வொரு வார்த்தையும் என் வாயிலேயே கசக்கிறது. திட்டாமலும் இருக்கப்போவதில்லை.

புதன்கிழமை கோவிந்தசாமியை நானே டாக்டரிடம் கூட்டிப்போனேன். உன் தோட்டத்து ஆள் முருகேசனிடம் கேட்டு மருந்து டப்பாவை வாங்கிக்கொண்டு போனேன், அவனைக் கோபிக்காதே, நான் மிரட்டித்தான் வாங்கினேன். டாக்டர் டப்பாவைப் படித்துவிட்டு, கண்ணில் டார்ச் அடித்துப் பார்த்து, இதுவாக இருக்கலாம், இன்றோடு அந்தப் பூவைத் தொடக் கூடாது, ரத்தம் பரிசோதிக்க வேண்டும் என்றார். ஆஸ்பத்திரியில் படுத்திருந்தபோது இதை யாராவது சொல்லியிருந்தால் அப்போதே புரிந்திருக்கும் என்றார். வெளியே வந்ததும் கோவிந்தசாமி தன்னைப் பற்றிப் பேசவில்லை. "சார், பி பிளாக் அம்மா ஒருத்தங்க மூஞ்சிக்குப் போட இந்தப் பூவக் காய வெச்சு அரைக்கறாங்க. சின்னப் பசங்க சொப்பு வெச்சு இதத்தான் சோறுன்னு வாயில வெச்சு வெளையாடுதுங்க. நான் சொன்னா வேலை போயிடும். நீங்க உங்க பையன்கிட்ட சொல்லி எப்படியாச்சும் நிறுத்துங்க," என்றார். பதினைந்து மணி நேரம் கேட்டில் நின்று சல்யூட் அடிக்கிறவருக்குத் தோன்றியது, உனக்குத் தோன்றவில்லை பார்.

நேற்று தேன்கனிக்கோட்டை போனேன். லட்சுமம்மாவின் வீட்டைக் கண்டுபிடிக்க அரை நாள் ஆயிற்று. மகள் வீட்டில் இருக்கிறார், காது கொஞ்சம் மந்தம், ஆள் தெளிவு. என்னைப் பார்த்ததும் அடையாளம் தெரிந்தது. நாற்காலி போடச் சொன்னார். வழியெல்லாம் சொல்லிச் சொல்லிப் பார்த்துக்கொண்டு வந்தேன், அங்கே போய் உட்கார்ந்ததும் எல்லாம் போய்விட்டது. "அன்னிக்கு அந்தப் பூவுல நான்தான் மருந்து அடிச்சேன்," என்று மட்டும் சொன்னேன். காது கேட்கவில்லையோ என்று இன்னொரு தரம் உரக்கச் சொன்னேன்.

"கேட்டுச்சு சார்," என்றார். "அப்பவே தெரியும். கூட்டு எறக்கும்போதே எலுமிச்சங்காய் வாசன அடிச்சுது. நீங்க டேங்குல ஊத்தறத நான் தெனம் பாத்திருக்கறனே. நல்ல வாசனையா இருக்குதுன்னு தின்னுட்டேன். வாந்தி வந்தப்பதான் அது மருந்துன்னு புரிஞ்சுது."  பிறகு, "வேலை போனப்புறம் ஒரு வாரம் தெனமும் பஸ் ஏறி வந்து கேட்டுக்கு வெளிய நின்னேன் சார். மானேஜர் கால்ல விழ வரல. அந்தாளு கிடக்கறான். நீங்க வந்து சொல்லுவீங்கன்னு நின்னேன். நீங்க என்னைப் பாத்தீங்க. பாத்துட்டு அப்புறம் பின்பக்கக் கேட்டு வழியாப் போக ஆரம்பிச்சீங்க," என்றார்.

உண்மை. பின்பக்கக் கேட் வழியாகத்தான் போனேன். வேலை கேட்டு நச்சரிக்க வந்து நிற்கிறாள் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். உன் அம்மா அந்த வாரம், ஏன் வீட்டுக்கு வரத் தாமதமாகிறது என்று கேட்டதும் ஞாபகம் வருகிறது. சுற்று வழி என்று சொன்னேன். அன்றைக்கு எனக்குக் கால் மணி நேரம் வேலை, மானேஜர் அறைக் கதவைத் தட்டி நாலு வாக்கியம் சொல்லியிருந்தால் முடிந்திருக்கும். என்ன போயிருக்கும்? சட்டைப்பையில் குத்தியிருந்த சூப்பர்வைசர் பட்டை போயிருக்கும். அதைக் காப்பாற்றித்தான் உன்னைப் படிக்க வைத்தேன் என்று பல வருடம் எனக்குள்ளே நியாயம் வைத்திருந்தேன். உன்னை எப்படிப் படிக்க வைத்திருக்கிறேன் என்பதைத்தான் செவ்வாய்க்கிழமை பார்த்தேனே.

உனக்குப் புத்தி சொல்லும் தகுதி எனக்கு இல்லை, இருந்தாலும் அப்பன் என்ற முறையில் ஒன்று சொல்லிவிடுகிறேன். தோட்டம் போடு, ஆவாரையே நடு, அதைவிட நல்ல செடி இந்த மண்ணுக்குக் கிடையாது. ஆனால் நடும்போதே அந்த ஆட்களிடம் சொல்லு: இலையில் ஓட்டை விழும், புழு வரும், பிள்ளைகள்மேல் ஒன்றிரண்டு விழும், கடிக்காது, தட்டிவிடுங்கள். இது வேண்டாம் என்கிறவர்களுக்கு அந்தச் சிமெண்டுப் பட்டாம்பூச்சியே போதும், நாலு கூடச் செய்து கொடு, அதற்கு மருந்தும் வேண்டாம், நீயும் வேண்டாம்.

ஞாயிற்றுக்கிழமை வருகிறேன். வெள்ளைச் சட்டைதான். விழா தொடங்கியதும் நீ எழுந்து, எந்த மருந்து, எத்தனை மாதமாக, எந்தெந்தச் செடியில் அடித்தாய் என்று எல்லோர் முன்னாலும் சொல்ல வேண்டும். அந்தப் பூவைப் பறித்தவர், குடித்தவர், பூசியவர், வாயில் வைத்த பிள்ளைகள் எல்லோரும் டாக்டரைப் பார்க்க வேண்டும் என்று சொல்ல வேண்டும். கோவிந்தசாமி பலகையை நம்பித்தான் பறித்தார், அவர்மேல் ஒரு குற்றமும் இல்லை, அவர் வேலையில் யாரும் கை வைக்கக் கூடாது என்பதையும் உன் வாயால் சொல்ல வேண்டும். நீ சொல்லிவிட்டால் நான் வாயே திறக்க மாட்டேன். ஒப்பந்தம் போகும், பலகை இறங்கும், உன்னைப் பற்றி அந்தக் குரூப்பில் என்னென்னவோ எழுதுவார்கள். எழுதட்டும். நீ எழுந்திருக்கவில்லையென்றால் கேமராவைப் பார்த்து நான் பேசுவேன், தெரியல சார் என்று சொன்ன இடத்திலிருந்து ஆரம்பிப்பேன்.

லட்சுமம்மாவையும் கூட்டிக்கொண்டு வருகிறேன். மகள் வேண்டாம் என்றாள், அவர்தான் வருகிறேன் என்றார். காது மந்தம் என்பதால் முன்வரிசையில் ஒரு நாற்காலி போட்டு வை. நம் இரண்டு பேரில் எவன் வாய் முதலில் திறக்கிறது என்று அவர் பார்க்கட்டும்.

உன் அப்பா